விசுவாசமான பணியாளர் பாத்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்காருகிறவர்கள் வாள்வீரர், மந்திரவாதி, திருடர் என்று கேட்டுத்தான் பார்த்திருக்கிறேன். "நான் இன்னொருத்தர் வீட்டு வேலைக்காரியா வரட்டுமா?" என்று எப்போதாவது ஒருவர் கேட்பார். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து வைக்கிறேன். பிரென்னா என்ற 52 வயதுப் பணிப்பெண்ணை மூன்று ஆண்டுகள் நானே ஆடியிருக்கிறேன். ஆல்ரிக் என்ற இளம் பிரபுவின் வீட்டை நடத்தியவள் அவள். உதாரணங்கள் பெரும்பாலும் அவளிடமிருந்து வரும். விதிகளைச் சொல்லும் இடங்களில் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைத்தான் சொல்கிறேன். 2024 திருத்தத்தில் சில மாறியிருக்கின்றன; உங்கள் மேசையில் எது புழங்குகிறதோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணியாளாக ஆடினால் எனக்கென்று என்ன இருக்கும்? எசமான் சொன்னதைச் செய்வதுதானே?

அந்த வேலைக்கு விளையாட்டில் ஏற்கெனவே ஒரு மந்திரம் இருக்கிறது. 'அன்சீன் சர்வன்ட்' என்ற முதல் நிலை மந்திரத்தைப் போட்டால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒரு மணி நேரம் நின்று தரை கூட்டும், துணி மடிக்கும், பரிமாறும். அதற்கு ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), பலம் 2. தாக்கத் தெரியாது, நினைக்கவும் தெரியாது. சொன்னதைச் செய்தால் போதும் என்றால் மந்திரவாதி அதைப் போட்டுக்கொண்டு போய்விடுவார், மேசையில் ஒரு நாற்காலி தேவையில்லை.

பணியாளுக்கு இருப்பது வேறு. எசமானைப் பற்றி எசமானுக்கே தெரியாதது அவருக்குத் தெரியும். ஆல்ரிக் பொய் சொல்லும்போது இடது கட்டைவிரலை மடக்கிக்கொள்வான் என்று பிரென்னாவுக்குத் தெரியும். எந்தக் கோட்டைக்குப் போனாலும் அவன் முன்மண்டபத்தில் காத்திருப்பான். இவள் பின்கட்டில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். ஒரு முறை அப்படி உரித்துக்கொண்டிருந்தபோதுதான், யாரும் தங்காத மேல்மாடிக்குத் தினமும் ஒரு தட்டுச் சாப்பாடு போகிறது என்று காதில் விழுந்தது. எங்கள் கதையில் பாதி அந்தத் தட்டிலிருந்து வந்தது. வாள் வைத்திருந்த நான்கு பேருக்கும் அந்த அடுக்களைக்குள் நுழைய வழியே இல்லை.

விசுவாசத்துக்குக் காரணம் எழுதச் சொல்கிறார்கள். 'பரம்பரையாகச் சேவகம் செய்யும் குடும்பம்' என்று எழுதினால் போதாதா?

போதாது. பிறந்ததால் வந்த கடமையில் உங்கள் பாத்திரம் செய்தது எதுவும் இல்லை. மேசையில் சொல்லிக்காட்ட ஒரு நாள் வேண்டும், ஒரு சம்பவம் வேண்டும்.

செஞ்சோற்றுக்கடன் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. பாத்திரம் எழுதும்போது அதை அப்படியே கேள்வியாக்கிக்கொள்ளுங்கள். சோறு போட்டவர் யார்? எந்த நாளில்? அன்றைக்குக் கதவைச் சாத்தியவர்கள் யார் யார்? கர்ணனை நினைத்தால் நமக்கு முதலில் வருவது அங்க நாடு கிடைத்தது என்பதைவிட, அது கிடைத்த நேரம்தான். நிறைந்த சபையில் குலம் என்ன என்று கேட்கப்பட்டு அவன் தலை குனிந்து நின்றபோது துரியோதனன் எழுந்தான். மறுநாள் தனியறையில் கூப்பிட்டுக் கொடுத்திருந்தால் அந்தக் கடன் இத்தனை கனத்திருக்காது.

பிரென்னாவின் மகள் காய்ச்சலில் கிடந்தபோது ஒன்பது வயது ஆல்ரிக் அம்மாவின் மோதிரத்தைத் திருடி வைத்தியருக்குக் கொடுத்தான். அதற்காகப் பிரம்படி வாங்கினான், எதற்கு எடுத்தேன் என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. மகள் பிழைக்கவில்லை. பிழைத்திருந்தால் கணக்கு என்றாவது தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது, அதனால்தான் அப்படி எழுதினேன்.

இன்னொன்றையும் முதல் செஷனுக்கு (முதல் நாள் ஆட்டத்துக்கு) முன்பே முடிவு செய்துவிடுங்கள். இராவணன் செய்தது தவறு என்று கும்பகர்ணனும் முகத்துக்கு நேரே சொன்னான், வீடணனும் சொன்னான். ஒருவன் சொல்லிவிட்டுப் போர்க்களத்துக்குப் போனான், மற்றவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். ஒரே வீட்டில், ஒரே சோறு உண்ட தம்பிகள். உங்கள் பாத்திரம் எந்தத் தம்பி பக்கம் சாயும்?

எசமான் யாராக இருப்பது நல்லது?

உடன் ஆடும் நண்பரின் பாத்திரமாக இருந்தால் மிக நன்று, ஆனால் பேச வேண்டியதும் அங்கேதான் அதிகம். எங்கள் மேசையில் ஒரே விதி வைத்திருந்தோம்: எசமானை ஆடுபவர் எசமான் எதை விரும்புகிறார் என்று சொல்லலாம், பணியாள் என்ன செய்கிறார் என்று சொல்லக் கூடாது. "பிரென்னா, கதவைத் திற" என்று ஆல்ரிக் சொல்லலாம். "பிரென்னா கதவைத் திறக்கிறாள்" என்று அவனை ஆடும் நண்பர் சொல்லக் கூடாது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் இது இல்லாத ஒரு மேசையில் ஒருவர் இன்னொருவரைச் செஷன் முழுக்க ஏவியதைப் பார்த்திருக்கிறேன். ஏவப்பட்டவர் அடுத்த வாரம் வரவில்லை.

கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் கையில் இருக்கும் பாத்திரம் எசமான் என்றால், அவரைத் தள்ளியே வையுங்கள். கூடவே வந்தால் அவர் சொல்வதுதான் கதையின் பாதையாகிவிடும், மற்றவர்களும் உங்கள் எசமானின் ஆட்களாகிவிடுவார்கள். வேறு நாட்டில் சிறையில் இருக்கிறார், மாதம் ஒரு கடிதம் வருகிறது என்றால் அழகாக அமையும். பட்டம் இழந்த அரசி, ஏழு வயதுக் குழந்தை, செத்துப்போன குரு எல்லாமே நடக்கும். குழந்தை எசமான் என்றால் கட்டளை ஒரு பக்கமும் வளர்ப்பு இன்னொரு பக்கமும் இழுக்கும். நேரம் இருந்தால் அதை ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

வேறு விளையாட்டுகள் பணியாட்களை எப்படி நடத்துகின்றன?

பார்க்க வேண்டியவை நான்கு.

1987இல் வந்த ஆர்ஸ் மாஜிக்காவில் ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதிப் பாத்திரம் உண்டு. அதோடு காவலர், சமையல்காரர், வண்டியோட்டி போன்ற 'கிராக்' பாத்திரங்களை எல்லாரும் மாற்றி மாற்றி ஆடுவார்கள். இன்று நான் உங்கள் காவலன், அடுத்த வாரம் நீங்கள் என் வண்டியோட்டி. சேவகம் ஒருவர் தலையிலேயே விழுவதில்லை.

1985இல் வந்த பென்ட்ராகனில் பிரபுவின் மீதுள்ள விசுவாசமே பாத்திரத் தாளில் ஓர் எண்ணாக நிற்கும். 20 முகப் பகடையை உருட்டி அதைச் சோதிப்பார்கள். 2003இல் வந்த மை லைஃப் வித் மாஸ்டரில் ஆடுபவர்கள் எல்லாருமே ஒரு கொடூரமான எசமானின் ஏவலாட்கள். அன்பு, சோர்வு, தன்வெறுப்பு ஆகியவையே அவர்களுக்கு எண்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் எசமானை எதிர்ப்பதை நோக்கித்தான் ஆட்டம் நகரும்.

1981ஆம் ஆண்டின் பேசிக் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கவர்ச்சி 9 முதல் 12 வரை உள்ள தலைவருக்கு நான்கு உடனாட்கள், அவர்கள் மனஉறுதி 7. கவர்ச்சி 18 என்றால் ஏழு பேர், மனஉறுதி 10. இரண்டு 6 முகப் பகடைகளை உருட்டி எண் அதைத் தாண்டினால் அவர்கள் நழுவிவிடுவார்கள். சாதாரணத் தலைவரை விட்டுப் போக 36க்கு 15 வாய்ப்பு. சிறந்த தலைவரிடமும் 12க்கு ஒன்று. எவ்வளவு நல்ல எசமானானாலும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று நிற்கிறது பாருங்கள். உங்கள் பாத்திரத்தின் அந்த ஒன்று எது என்று யோசித்து வையுங்கள்.

நோபிள் பேக்ரவுண்டில் (பிரபு என்ற பின்னணியில்) மூன்று பணியாட்கள் கிடைக்கிறார்களே. நான் அவர்களில் ஒருவராக வரலாமா?

தாராளமாக. நோபிளுக்குள் 'ரீட்டெய்னர்ஸ்' என்ற மாற்று அம்சம் அது. அந்த மூவரும் சில்லறை வேலைகள் செய்வார்கள், சண்டை போடமாட்டார்கள், பாதாளக் குகை மாதிரி ஆபத்து பளிச்சென்று தெரியும் இடத்துக்குள் வரமாட்டார்கள். அடிக்கடி ஆபத்தில் தள்ளினாலோ கொடுமைப்படுத்தினாலோ போய்விடுவார்கள். விதியே அப்படித்தான் சொல்கிறது. ஆக, மூன்று பேர் குகை வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நான்காவது ஆள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே நடக்கிறார். அவர் ஏன் நடந்தார்? இந்த ஒரு கேள்விக்கு விடை எழுதினாலே பாத்திரம் பாதி முடிந்துவிடும்.

எந்த கிளாஸ் எடுக்கலாம்?

பணி என்பது பின்னணி, கிளாஸ் (வாள்வீரர், மந்திரவாதி போன்ற வகை) எதுவாகவும் இருக்கலாம். ஆனால் எசமானைக் காப்பாற்றுவது வாயளவில் நின்றுவிடாமல் பகடையிலும் வர வேண்டும் என்றால் சில வழிகள் இருக்கின்றன.

கேடயம் ஏந்திய ஃபைட்டர் (போர்வீரர்) 'ப்ரொடெக்‌ஷன்' சண்டை முறையை எடுத்தால், ஐந்தடிக்குள் இருக்கும் துணையின் மேல் வரும் தாக்குதலை, அடுத்தவர் முறையிலேயே குறுக்கிடும் ரியாக்‌ஷனால் டிஸ்அட்வான்டேஜுக்கு (இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்கும் நிலைக்கு) தள்ளலாம். 'மாஸ்டர்மைண்ட்' ரோக் (திருடர்) மூன்றாம் நிலையிலிருந்து, துணைக்கு உதவும் ஹெல்ப் ஆக்‌ஷனைப் போனஸ் ஆக்‌ஷனாகச் செய்வார். தாக்குதலுக்கு உதவும்போது 30 அடி தள்ளி நின்றே உதவலாம். பிரென்னா இதுதான். "இடப்பக்கம், தம்பி!" என்று தூணுக்குப் பின்னாலிருந்து கத்துவாள், ஆல்ரிக்குக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கும் வாய்ப்பு) விழும். 'ஓத் ஆஃப் த கிரவுன்' பாலடின் (சபதம் ஏற்ற வீரர்) ஏழாம் நிலையில், பக்கத்தில் இருப்பவர் வாங்கும் அடியைத் தன் மேல் எடுத்துக்கொள்ள முடியும்.

எல்லாவற்றையும்விட எனக்கு நெஞ்சைத் தொடுவது கிளெரிக்கின் (பூசாரியின்) 'வார்டிங் பாண்ட்'. இரண்டாம் நிலை மந்திரம். ஒவ்வொன்றும் 50 பொன் மதிப்புள்ள இரண்டு பிளாட்டினம் மோதிரங்களை இருவரும் அணிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு எசமானுக்கு விழும் அடி பாதியாகும், அவர் எவ்வளவு வாங்கினாரோ அதே அளவு உங்கள் உடம்பிலும் இறங்கும். 60 அடிக்கு மேல் விலகினால் அறுந்துவிடும். திருட்டு மோதிரத்தில் தொடங்கிய எங்கள் கதையில் இந்த மோதிரங்களை ஆல்ரிக்கே வாங்கி வந்தான். மந்திரம் போட்டது எங்கள் குழுவின் பூசாரி. அவர் விரலுக்கு மோதிரம் போக வேண்டிய இடத்தில் பிரென்னா கையை நீட்டினாள். விதிப்படி அது செல்லாது, போடுபவர்தான் அணிய வேண்டும். டஞ்சன் மாஸ்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு அந்த ஒரு தடவை அனுமதித்தார்.

எண்களை எப்படிப் பிரிப்பது?

பலம், விவேகம், கவர்ச்சி போன்ற ஆறு குணங்களுக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான வரிசை என்றால் 15ஐ விவேகத்துக்குக் கொடுங்கள். பெர்செப்ஷனில் (கவனிக்கும் திறனில்) தேர்ச்சியும் எடுத்தால் முதல் நிலையிலேயே பாஸிவ் பெர்செப்ஷன் (பகடை உருட்டாமலே கவனிக்கும் அளவு) 14 வந்துவிடும். பரிமாறிக்கொண்டே கேட்கிற காது அது. ஆளின் மனதைப் படிக்கும் இன்சைட் திறன் கட்டாயம். பேக்ரவுண்டுக்குப் பட்டியலில் எதுவும் பொருந்தாவிட்டால் இரண்டு திறன்கள், இரண்டு கருவிகள் அல்லது மொழிகள் என்று நீங்களே அமைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கருவிகளில் சமையல் சாமான்களை மறக்காதீர்கள்.

தமிழில் ஆடுகிறோம். எப்படிப் பேசுவது?

இதில் நமக்குக் கிடைத்திருப்பது பெரிய வரம். ஆங்கிலத்தில் ஆடும்போது எல்லாருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். நமக்கு நீ, நீங்க, ஐயா, அம்மா, எசமான், தம்பி, சின்னவர் என்று ஒவ்வொரு விளிக்கும் ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரத்தை முதலிலேயே முடிவு செய்து தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

பிரென்னா ஆல்ரிக்கைத் தூக்கி வளர்த்தவள். தனியாக இருக்கும்போது "தம்பி, சாப்பிடு". நான்கு பேர் முன்னால் "பிரபு, சாப்பிடுறீங்களா". அவன் அவளை எப்போதும் "பிரென்னாம்மா, நீங்க" என்றே சொல்வான். ஒரு செஷனில், அரசவையில் அவன் ஒரு கைதியைத் தூக்கிலிடச் சொன்னான். நான் எழுந்து, அத்தனை பேர் முன்னாலும், "நீ இப்படிப் பண்ணாத" என்றேன். அவ்வளவுதான் வசனம். மேசையே அமைதியாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளாகச் சபையில் 'நீங்க' மட்டுமே சொல்லி வந்ததால்தான் அந்த ஒரு 'நீ' அப்படி விழுந்தது. முதல் வாரத்திலிருந்தே கலந்து பேசியிருந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

வட்டாரப் பேச்சும் உதவும், ஆனால் உங்கள் வாயில் தானாக வருவதையே பேசுங்கள். சினிமாவில் வேலைக்காரர்களுக்கு வைத்துச் சிரிக்கும் கொச்சையைத் தயவு செய்து எடுத்து வராதீர்கள்.

எசமான், அடிமை என்று ஆடுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தவறா?

சங்கடப்படுவது நியாயம். இது நமக்கு வெறும் கற்பனை உலகச் சமாசாரம் இல்லை. தஞ்சைப் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தது ஏதோ புராண காலத்தில் நடந்ததில்லை, போன நூற்றாண்டில். எத்தனையோ வீடுகளில் வேலைக்கு வரும் அக்காவுக்கு இன்றும் தனி டம்ளர். மேசையில் உட்காரும் ஐந்து பேரில் ஒருவரின் குடும்பம் அந்தச் சவுக்குக்கு எந்தப் பக்கம் நின்றது என்று உங்களுக்குத் தெரியாது.

அதனால் ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவிலேயே வெளிப்படையாகப் பேசுங்கள். நான் வைக்கும் நிபந்தனை ஒன்று: பாத்திரம் எந்த நாளிலும் எழுந்து போகச் சுதந்திரம் உள்ளவராக இருக்க வேண்டும். போக முடியாதவர் தங்கியிருப்பதை விசுவாசம் என்று அழைக்க எனக்கு மனம் வராது. சாதியை நினைவூட்டும் ஏற்பாடுகள், அடி, பசி போட்டு வதைப்பது ஆகியவை வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அவை வேண்டாம். காரணம் கேட்காதீர்கள்.

கொள்ளைப் பொருளில் பங்கு கேட்கலாமா?

கேளுங்கள். விதிப்புத்தகத்தில் தொழில் தெரியாத கூலியாளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளி, தொழில் தெரிந்தவருக்கு இரண்டு பொன் (பத்து வெள்ளி ஒரு பொன்). இரண்டு வெள்ளி என்பது ஏழை வாழ்க்கைக்கு ஒரு நாள் ஆகும் செலவு, மிச்சம் ஒன்றும் இல்லை. பிரபுத்தனமாக வாழக் குறைந்தது பத்துப் பொன். ஒரே கூடாரத்தில் தூங்குகிற இரண்டு பேருக்கு நடுவில் ஐம்பது மடங்கு.

இப்போது முதல் குகையிலிருந்து ஆளுக்கு நூறு பொன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெள்ளிக் கூலிக்காரருக்கு அது 500 நாள் சம்பளம். அதைக் கையில் வாங்கும்போது உங்கள் பாத்திரத்தின் முகம் எப்படி மாறும்? ஊருக்கு அனுப்புவாரா, துணியில் முடிந்து வைப்பாரா, இனி எதற்குச் சேவகம் என்று ஒரு கணம் தோன்றுமா? அந்தக் காட்சியை ஆடாமல் தாண்டாதீர்கள். ஆட்டக்காரர் என்ற முறையில் சமபங்கு உங்கள் உரிமை. பாத்திரம் அதை எசமானிடமே திருப்பிக் கொடுக்க நினைத்தால் அது பாத்திரத்தின் முடிவாக இருக்கட்டும், மேசையின் ஏற்பாடாக இருக்க வேண்டாம்.

கடைசியில் துரோகம் செய்வதுபோல் ரகசியத் திட்டம் வைத்திருக்கிறேன். நல்ல திருப்பம்தானே?

நான் பரிந்துரைக்கமாட்டேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யும் பணியாளை எல்லாரும் முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். எசமானை ஆடும் நண்பர் ஓராண்டு உங்களை நம்பி ஆடியதும் வீணாகும். மறுப்பது வேறு. பிரென்னா எதைச் செய்யமாட்டாள் என்று மூன்று வரி எழுதி வைத்திருந்தேன்: குழந்தைகள் மேல் கை வைக்கமாட்டாள்; ஆல்ரிக்குக்காகப் பொய் சொல்வாள், ஆனால் ஆல்ரிக்கிடம் சொல்லமாட்டாள்; அவன் அப்பா வீட்டு வாசலை மிதிக்கமாட்டாள். மூன்றாவதற்கு ஏன் என்று எனக்கே எழுதும்போது தெரியாது. ஆட ஆடத்தான் தெரிந்தது.

எசமான் பாத்திரம் செத்துவிட்டால்?

அப்போதுதான் பணியாள் தனியாக நிற்பார், அவசரப்பட்டு வேறு எசமானைத் தேடாதீர்கள். அடக்கம் செய்யட்டும், வீட்டாருக்குச் சேதி கொண்டுபோகட்டும், கடன்களைத் தீர்க்கட்டும்.

முன்கூட்டியே தயாராகும் பணியாளும் உண்டு. செத்தவரை எழுப்பும் 'ரிவிவிஃபை' மந்திரத்துக்கு 300 பொன் மதிப்புள்ள வைரம் தேவை, உயிர் போய் ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும். இரண்டு வெள்ளிக் கூலியில் சாப்பிடாமல் சேர்த்தாலும் 1,500 நாள். பிரென்னா பங்கில் வந்த பொன்னைக் கொண்டு ஒன்று வாங்கிப் பாவாடை ஓரத்தில் வைத்துத் தைத்திருந்தாள். ஆல்ரிக்குக்குத் தெரியாது, அவனை ஆடிய நண்பருக்கும் தெரியாது. பாலத்தில் அவன் விழுந்தபோது தையலைப் பல்லால் பிரித்து எடுத்துப் பூசாரி கையில் வைத்தாள். பூசாரியிடம் மந்திரம் மிச்சம் இருக்கிறதா என்று அதுவரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கடைசி ஒன்று இருந்தது.

எசமானை ஆடுபவர் ஒரு வாரம் வரவில்லை என்றால்?

அவருக்குக் காய்ச்சல், பிரபு கூடாரத்தில் படுத்திருக்கிறார் என்று வைத்துவிட்டு, அவர் சார்பில் பேச்சுவார்த்தைக்கு நீங்கள் போங்கள். என்ன சொன்னால் அவர் ஒத்துக்கொள்வார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் அவர் வந்ததும், அவர் பெயரில் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பாத்திரத்தின் வாயாலேயே சொல்லுங்கள்.